ஆறு மாதம் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டில் மக்கும் கழிப்பறை, அதாவது மலத்தைத் தண்ணீர் ஊற்றித் தள்ளாமல் தொட்டியிலேயே மக்கவைத்து உரமாக்கும் கழிப்பறை, அமைப்பதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக அப்படியொரு கழிப்பறைதான் இருக்கிறது. இதைப் பற்றி வெளிப்படையாக எழுத ஒருவர் முன்வந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால், ‘ஆறு மாதத்தில் மலம் உரமாகிவிடும், எடுத்துச் செடிகளுக்குப் போடலாம்’ என்ற வரியைப் படித்ததும் பதறிவிட்டேன். அதை நம்பி யாரும் தொட்டியைத் திறந்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆறு மாதத்தில் அது பார்வைக்கு மண்ணைப் போல ஆகிவிடும் என்பது உண்மை. கறுத்து, உதிரியாக, நாற்றமில்லாமல் இருக்கும். அதனாலேயே ஏமாந்துவிடுகிறோம். குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டைகள் கண்ணுக்குத் தெரியாது. பல கிருமிகள் செத்தொழிந்த பிறகும் அவை தடித்த ஓட்டுக்குள் உயிரோடு கிடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 20 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள இடங்களில் ஓர் ஆண்டுக்கு மேலும், அதைவிடக் குளிரான இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளும் மலத்தைச் சேமித்து வைக்கச் சொல்கிறது. கடைசியாக மலம் விழுந்த நாளிலிருந்துதான் இந்தக் கணக்குத் தொடங்கும். ஒரே தொட்டி வைத்திருப்பவருக்கு அந்தக் கடைசி நாள் வருவதே இல்லை! எனவே இரண்டு அறைகள் கட்டாயம் வேண்டும். ஒன்று நிரம்பியதும் மூடி, தேதி எழுதிவைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும். செலவைக் குறைக்க ஒரு தொட்டி போதும் என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். அதே வழிகாட்டுதலில் சாம்பல், சுண்ணாம்பு போட்டுக் காயவைக்கும் முறைக்கு ஆறு மாதத்துக்கு மேல் என்று இருக்கிறது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு: காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9க்கு மேல், வெப்பம் 35 டிகிரிக்கு மேல், ஈரம் 25 சதவீதத்துக்குக் கீழே. இது உலர்த்தும் முறை. மக்குவதற்கோ ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஈரம் வேண்டும். கட்டுரை இரண்டையும் குழப்பி, மக்கும் தொட்டியில் சாம்பலை அள்ளிப் போடச் சொல்கிறது. சாம்பல் அதிகமானால் மக்கவைக்கும் நுண்ணுயிர்களே மடிந்துவிடும். மரத்தூளும் நன்கு காய்ந்த இலைச் சருகும்தான் மக்குவதற்கு ஏற்றவை. குவியல் 50 டிகிரிக்கு மேல் சூடேறி ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் கிருமிகள் விரைவில் சாகும்தான். ஆனால் ஒரு குடும்பத்தின் சிறு குவியல் அந்தச் சூட்டை எட்டுவது அரிது. எங்கள் தொட்டியில் கோல் வெப்பமானியைச் செருகிப் பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூட எட்டவில்லை.

கட்டுரை தொடாமல் விட்ட ஒன்று சிறுநீர். ஒருவர் ஓர் ஆண்டில் கழிக்கும் மலம் ஏறத்தாழ 50 லிட்டர்தான், சிறுநீரோ 500 லிட்டர். அத்தனையும் தொட்டிக்குள் போனால் காற்று புகாமல் சேறாகிவிடும், நாற்றம் தாங்காது. முதல் இரண்டு மாதம் நாங்கள் அந்த அவதியைப் பட்டோம். ‘இதை இடித்துவிடுங்கள்’ என்று வீட்டில் எல்லோரும் சொன்ன நாட்கள் அவை. சிறுநீரைத் தனியே பிரிக்கும் கழிப்பறைக் கோப்பையை மாற்றிப் பொருத்திய பிறகே மூச்சு வந்தது. கழுவும் நீருக்கும் தனி வழி வேண்டும். கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் காற்றுக்குழாயும் அதன் வாயில் ஈ புகாத வலையும் இருந்தால் மற்றவை பெரிய சிரமமில்லை.

இந்தக் கழிப்பறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் ஆறு, ஏழு லிட்டர் நல்ல தண்ணீரைக் கொட்டி மலத்தைத் தள்ளிவிடும் பழக்கத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் திரும்பத் தயாராக இல்லை. கட்டுரையைப் படித்துவிட்டு இந்நேரம் சிலர் குழி தோண்டத் தொடங்கியிருக்கலாம். அவர்கள் கண்ணில் படும்படி அடுத்த இதழிலேயே அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்