நட்டுவைக்கப் பணம் உண்டு, நீரூற்ற இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் சிறு திட்டங்களுக்காக உள்ளாட்சி அமைப்புகள் மக்கள் குழுக்களுக்கு வழங்கும் மானியங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஒதுக்கப்படும் தொகை போதாது என்பதே அதில் பிரதானமாகச் சுட்டப்பட்ட குறை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், குடியிருப்போர் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி வருபவன் என்ற முறையில், தொகையின் அளவைக் காட்டிலும் அது வழங்கப்படும் விதமே பல நல்ல திட்டங்களை முளையிலேயே கருக்கிவிடுகிறது என்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இத்தகைய மானியங்கள் பலவற்றில், குழு முதலில் சொந்தப் பணத்தில் வேலையை முடித்து, ரசீதுகளைச் சமர்ப்பித்து, ஆய்வுக்கு வருபவர் ஒப்பமிட்ட பிறகே தொகை விடுவிக்கப்படுகிறது. தணிக்கையாளரின் பார்வையில் இது பாதுகாப்பான ஏற்பாடுதான். ஆனால், மாதச் சந்தாவை வைத்து மின்கட்டணம் செலுத்தவே திணறும் ஒரு குழு, மழைநீர்த் தொட்டி கட்டும் கொத்தனாருக்கும் குழாய்க் கடைக்காரருக்கும் எத்தனை மாதம் கடன் சொல்ல முடியும்? போதாக்குறைக்குத் திட்டச் செலவில் ஒரு பகுதியைத் தன்பங்காகப் போடவேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொண்டால், ஏற்கெனவே வங்கியில் பணம் வைத்திருக்கும் சங்கங்களே திரும்பத் திரும்ப மானியம் பெறுகின்றன. வெள்ளத்தையும் வெப்பத்தையும் முதலில் அனுபவிக்கும் பகுதிகளிலிருந்து விண்ணப்பமே வருவதில்லை. பிறகு, அந்தப் பகுதி மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று குறிப்பெழுதிவிடுகிறார்கள்!

இதைவிடப் பெரிய குறை பராமரிப்புச் செலவு தொடர்பானது. பொருள் வாங்கவும் கட்டுமானத்துக்கும் மட்டுமே மானியம் என்ற விதி பல இடங்களில் இருக்கிறது. மரக்கன்றுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு கன்று பிழைக்குமா என்பதை நடும் நாள் தீர்மானிப்பதில்லை. அதற்கடுத்த இரண்டு மூன்று கோடைகளே தீர்மானிக்கின்றன. அந்தக் காலத்தில் தண்ணீர் ஊற்றவும், கூண்டு சரிந்தால் நிமிர்த்தவும், காய்ந்துபோன கன்றுக்கு மாற்றாக வேறொன்று வைக்கவும் ஒருவருக்குக் கூலி கொடுக்கவேண்டும். மானியக் கணக்கில் அதற்குத் தலைப்பே கிடையாது. எத்தனை நட்டீர்கள் என்று கேட்கும் படிவம், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேட்பதில்லை. மழைநீர் வடிகட்டியின் மணலும் சல்லியும் அவ்வப்போது கழுவப்படாவிட்டால், கூரையிலிருந்து வரும் சருகும் தூசியும் அடைத்துக்கொண்டு, நீர் தொட்டிக்குப் போகாமல் வழிந்து தெருவுக்குப் போய்விடும். சூரிய மின்தகடுகள் 25 ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. அவற்றோடு பொருத்தப்படும் இன்வெர்ட்டரையோ பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்றவேண்டிவரும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே எழுதிவைப்பதுதான் முறை.

பலனை அளக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். எத்தனை டன் கரியமிலவாயு குறையும் என்று எல்லாத் திட்டங்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்பது பொருந்தாது. மட்கும் குப்பையைக் குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் காற்றோட்டத்துடன் உரமாக்கும் குழுவிடம் அதைக் கேட்கலாம். ஏனெனில், காற்றுப்படாமல் அழுகும் குப்பையிலிருந்து வெளியேறும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமிலவாயுவைப் போல் சுமார் 27 மடங்கு வெப்பமூட்டும் திறன் கொண்டது. ஆனால், வெப்ப அலையின்போது முதியவர்கள் ஒதுங்குவதற்கு நிழற்கூடம் அமைக்கும் குழு டன் கணக்கை எங்கிருந்து காட்டும்? உமிழ்வைக் குறைப்பது ஒன்று, பாதிப்பைத் தாங்கப் பழகுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் பின்னது எப்போதும் தோற்கும்.

மாற்று வழிகள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. கென்யாவின் மகுவேனி மாவட்ட அரசு, தன் வளர்ச்சி நிதியில் 1 சதவீதத்தைக் காலநிலை நிதிக்கு ஒதுக்க 2015இல் விதிமுறை வகுத்தது. எந்த வேலை முதலில் தேவை என்பதை வார்டு அளவிலான குழுக்களே முன்வைக்கின்றன. 1992இல் தொடங்கிய உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம், தொகையைத் தவணைகளாக வழங்குவதோடு, மக்கள் தரும் உழைப்பையும் பொருளையும் அவர்களின் பங்காக ஏற்றுக்கொள்கிறது. 2021இல் முன்வைக்கப்பட்ட, உள்ளூர் மக்களே முன்னின்று நடத்தும் தகவமைப்புக்கான, அதாவது பாதிப்பைத் தாங்கப் பழகுவதற்கான, எட்டுக் கோட்பாடுகளிலும், உடனடிப் பலன் கேட்டு அவசரப்படுத்தாத, முன்கூட்டியே கணிக்கத்தக்க நிதி என்பது ஒன்று.

பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கு எழுதுபவன் அப்படிச் சொன்னால் யார் ஒப்புவார்கள்? தொகைக்குத் தக்க கணக்கு போதும் என்கிறேன். சிறு தொகைக்கு நான்கு பக்க விண்ணப்பம் போதும். ஒப்புதல் கிடைத்ததும் பாதித் தொகையை முன்பணமாகத் தரலாம். மீதியை வேலை நடக்க நடக்கத் தவணையாகத் தரலாம். மானியத்தில் ஒரு பங்கை மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கென்று தனியே நிறுத்திவைக்கலாம். வரவு செலவை அந்தத் தெருவிலேயே அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால், அலுவலகக் கோப்பில் கண்ணுக்குத் தப்பும் தவறுகூட அண்டை வீட்டாரின் கண்ணுக்குத் தப்பாது. விண்ணப்பம் எழுதத் தெரியாத குழுக்களுக்கு உதவ, உள்ளாட்சி அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக நியமிப்பதும் அவசியம்.

தங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். எந்தக் குழுவுக்கு எவ்வளவு மானியம் அறிவிக்கப்பட்டது என்ற பட்டியலை வெளியிடும்போது, அதில் எவ்வளவு உண்மையில் கைக்கு வந்தது, எத்தனை மாதம் கழித்து வந்தது என்ற விவரத்தையும் சேர்த்துக் கேட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்