பேத்திக்கு எந்த அளவு சைக்கிள்?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் தம்பி மகள் திருமணம் நல்லபடியாக நடந்தேறியதில் எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. மூட்டுவலியால் எங்களால் வர முடியாமல் போனதை வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பேத்தியின் ஐந்தாவது பிறந்தநாளுக்குச் சைக்கிள் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, 16 அங்குலமா 20 அங்குலமா என்று கேட்டிருக்கிறாய். வளருகிற பிள்ளைதானே, 20 வாங்கினால் பத்து வயது வரை ஓட்டுவாள் என்ற உன் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளிச் சீருடையை ஓரம் மடித்துத் தைத்து ஆண்டுதோறும் பிரித்துவிட்டுக்கொள்ளும் நம் வீட்டு வழக்கம் சைக்கிளுக்குப் பொருந்தாது. தரையில் கால் எட்டாத குழந்தைக்கு வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் விழப்போகிறோம் என்ற அச்சம் வரும். அந்த அச்சம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் வண்டி மாடிப்படிக்கு அடியில்தான் நிற்கும். நாம் அப்பாவின் 28 அங்குல வண்டியில் குரங்கு பெடல் போட்டே கற்றுக்கொண்டோமே என்று நீ சொல்வாய். வேறு வழியில்லாததால் அப்படிக் கற்றோம். கையில் நாலணா இருந்த நாளில் வாடகைக் கடைக்குத்தானே ஓடினோம்? கால் வண்டியா, அரை வண்டியா, முக்கால் வண்டியா என்று முடிவு செய்வதற்கு அந்தக் கடைக்காரர் நம் வயதைக் கேட்டதில்லை. நம் காலைத்தான் பார்த்தார்.

நீயும் அதைத்தான் செய்ய வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வயதும், 16, 20 என்ற எண்ணும் ஓரளவுக்கு மேல் உதவுவதில்லை. அந்த எண் சக்கரத்தின் அளவை மட்டுமே சொல்கிறது; ஒரே 16 அங்குலத்தில் இரண்டு வண்டிகளின் இருக்கை உயரம் ஒன்றுக்கொன்று நான்கைந்து சென்டிமீட்டர் வேறுபடுவது சாதாரணம். ஐஎஸ்ஓ 8098 என்ற பன்னாட்டுத் தரவிதிகூடச் சின்னக் குழந்தைகளின் சைக்கிள் எது என்பதை, இருக்கையை முழுவதும் உயர்த்தினால் அது 435 மில்லிமீட்டருக்கு மேலும் 635 மில்லிமீட்டருக்குக் கீழும் நிற்கிறதா என்பதை வைத்தே வரையறுக்கிறது.

அவளைச் செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்ட நிற்க வை. பாதங்கள் இரண்டுக்கும் நடுவே சிறிது இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே கொடுத்து, இருக்கையில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தமாக மேலே தூக்கி, அதன் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளதுதான் உனக்கு வேண்டிய அளவு. உயரம் 106 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் கால் அளவு 45 அல்லது 46 இருக்கலாம். பிறகு கடைக்கு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய், இருக்கையை அடிமட்டம் வரை இறக்கச் சொல்லி, தரையிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை அளந்து பார். புதிதாகக் கற்கும் குழந்தைக்கு அது கால் அளவைத் தாண்டக் கூடாது. உட்கார்ந்தபடியே இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். 20 அங்குல வண்டிகளில் பெரும்பாலானவற்றின் இருக்கை 50 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்குவதே இல்லை என்பதால், உன் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. நன்றாக ஓட்டப் பழகிய பின் இருக்கையைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம், ஆனால் இருக்கைக் குழாயில் பொறித்திருக்கும் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது.

எடையையும் தூக்கிப் பார். மட்கார்டு, கூடை, கேரியர், பக்கச் சக்கரம் எல்லாம் சேர்ந்த இரும்பு வண்டி ஒன்பது கிலோ வரும். உன் பேத்தி 17 கிலோ இருந்தால், 65 கிலோ ஆளான நீ 34 கிலோ வண்டியை மிதிப்பதற்குச் சமம் அது. கூடையும் பொம்மை இருக்கையும் அவளுக்குப் பிடிக்கும்தான், பிறந்தநாள் பரிசாயிற்றே, கூடையை மட்டும் விட்டுவைக்கலாம். பிரேக்கை அவளையே பிடித்துப் பார்க்கச் சொல். உள்ளங்கை கைப்பிடியில் இருக்கும்போதே விரல்கள் பிரேக்கைச் சுற்றி வளைய வேண்டும். எட்டவில்லையென்றால் பல பிரேக்குகளில் அதை உள்ளே நகர்த்த ஒரு சிறு திருகாணி இருக்கும், கடைக்காரரிடம் கேள்.

பக்கச் சக்கரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. திரும்பும்போது வண்டியும் ஆளும் சற்றுச் சாய்ந்துகொடுத்தால்தான் இரண்டு சக்கர வண்டி திரும்பும். பக்கச் சக்கரம் அந்தச் சாய்வையே தடுத்துவிடுவதால், அதைக் கழற்றும் நாளில் குழந்தை முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக இரண்டு பெடல்களையும் கழற்றிவிட்டு, காலால் தரையை உந்தி உருட்டிக்கொண்டு போகவிடு. இரு கால்களையும் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து அடி தானாக உருளத் தொடங்கியதும் பெடலை மாட்டினால் போதும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் அது கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி மரையைக் கெடுத்துவிடாதே.

என் பேரன் சித்திரையில் 20 அங்குல வண்டிக்கு மாறிவிட்டதால் அவனுடைய பழைய 16 அங்குல வண்டி இங்கே சும்மா நிற்கிறது. அதன் இருக்கை 46 சென்டிமீட்டர் வரை இறங்குகிறது. அவளுடைய கால் அளவை எடுத்து உடனே எழுது. 46 அல்லது அதற்கு மேல் இருந்தால், அடுத்த வாரம் கும்பகோணம் வருகிற மருமகனிடம் புது டயர் மாட்டிக் கொடுத்தனுப்புகிறேன். குறைவாக இருந்தால் 14 அங்குலத்தில் பார்த்து வாங்கு, இந்த வண்டியை அடுத்த ஆண்டு வரை அவளுக்காக எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து உன் நண்பன்