பச்சைப் புள்ளிக்குப் பின்னால் பால்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் தலைமைச் செயல் அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

மதுரையிலிருந்து எழுதுகிறேன். மாதம் பிறந்தால் மளிகைச் சாமான் வாங்கிப் போடுவது எங்கள் வீட்டில் என் வேலை. இருபது வருடமாக அதில் எனக்கு எந்தக் குழப்பமும் வந்ததில்லை. போன வருடம், கோயம்புத்தூரில் படிக்கும் மகள் போனில் பேசும்போது, பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டதாகச் சொன்னாள். ஏதோ மாட்டுப்பண்ணைக்குப் போய் வந்தாளாம், அதற்கப்புறம் மனசு ஒப்பவில்லையாம். நாங்கள் ஏற்கெனவே சைவம்தான். சரி, பாலை நிறுத்தினால் போயிற்று, இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் லீவுக்கு வருவதற்கு முன்பே பிஸ்கட், பிரெட், ரஸ்க், மசாலா சிப்ஸ் என்று அவளுக்காகவே வாங்கி வைத்தேன். எல்லாவற்றிலும் பச்சைப் புள்ளி இருந்ததா என்று பார்த்துத்தான் வாங்கினேன். வந்தவள் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பி, கண்ணை இடுக்கிப் படித்து, தம்பி பக்கமாகத் தள்ளிவிட்டாள். பிஸ்கட்டில் பால் பவுடர். பிரெட்டில் அதுவே. சிப்ஸின் மேல் தூவியிருந்த மசாலாவில், பாலைத் திரித்தால் மிஞ்சும் தண்ணீரைக் காய வைத்து எடுத்த பொடி. உருளைக்கிழங்கும் மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் சேர்ந்த பண்டத்தில் பாலுக்கு என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்றைக்குத் தம்பிக்கு நல்ல வேட்டை.

பச்சைப் புள்ளி பொய் சொல்லவில்லை. உங்கள் விதியே அப்படித்தான் இருக்கிறது என்று மகள் எடுத்துக் காட்டினாள். விலங்கிலிருந்து வந்த எதுவும் அசைவம் என்று சொல்லிவிட்டு, பால், பாலில் செய்தவை, தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு விலக்கு தந்திருக்கிறீர்கள். பாலும் தேனும் நம் ஊர் சைவத்தில் அடக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை. அரக்குதான் ஆச்சரியமாக இருந்தது. பூச்சி சுரக்கும் பிசின் அது. மிட்டாய்களுக்குப் பளபளப்பு ஏற்ற மேலே பூசுகிறார்கள், பாக்கெட்டில் 904 என்ற எண்ணாக மட்டும் இருக்கும். பாண்டவர்களை வைத்துக் கொளுத்த மாளிகை கட்டினார்களே, அந்த அரக்கா என்று என் மாமியார் கேட்டார். அதேதான் அத்தை என்றேன். அன்றிலிருந்து அவர் அந்த மிட்டாயைத் தொடுவதில்லை.

பால் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறீர்கள், அதையும் மறுக்கவில்லை. ஒவ்வாமை தரும் பொருள்களில் பாலும் ஒன்று என்பதால் ‘இதில் பால் உள்ளது’ என்று கம்பெனிக்காரர்கள் தனியாக அச்சிட வேண்டும். அச்சிடுகிறார்கள். ஆனால் எந்த மொழியில்? ஆங்கிலம், அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தி. வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை என்று மட்டும் உங்கள் விதி சொல்கிறது. தடையில்லை என்றால் யார் சேர்ப்பார்கள்? டிவி விளம்பரத்தில் இதே கம்பெனிகளின் தமிழ் கொஞ்சி விளையாடுகிறது. பாக்கெட்டின் பின்பக்கம் வந்ததும் தமிழ் காணாமல் போய்விடுகிறது.

நான் எழுத்துக்கூட்டியாவது ஆங்கிலம் படிப்பேன். என் மாமியாருக்குத் தமிழ் தவிர வேறெதுவும் தெரியாது, ஆனால் தினத்தந்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் அப்படித்தான். ‘பால் கலக்காத பிஸ்கட் இருக்கா அண்ணாச்சி’ என்று கேட்டால், ‘எல்லாம் சைவந்தாம்மா, பாருங்க பச்சைப் புள்ளி’ என்கிறார். அவர் மேல் என்ன தப்பு? அவருக்குப் புரிகிற மாதிரி அந்தப் பாக்கெட்டில் இருப்பது அந்தப் புள்ளி ஒன்றுதான். சின்னப் பாக்கெட்டுகளில் அது 3 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்றும் விட்டிருக்கிறீர்கள். ஒரு கடுகை விடக் கொஞ்சம் பெரிசு. எழுத்துகளோ அதையும் விடப் பொடி. என் மகள் பாலை விட்டது கொள்கைக்காகத்தான், தெரியாமல் சாப்பிட்டால் மனசு வருத்தத்தோடு போய்விடும். எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பால் ஒவ்வாமை. அந்தப் பிள்ளையை அதன் பாட்டிதான் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிறார், அவருக்கும் தமிழ் மட்டும்தான் தெரியும்.

இதற்காகத்தானே, பால்கூடக் கலக்காத முழுத் தாவர உணவுக்கென்று வீகன் முத்திரை கொண்டு வந்தோம் என்று நீங்கள் சொல்லலாம். 2022இல் அதற்கென்று தனி ஒழுங்குமுறையே போட்டீர்கள். ஆங்கில ‘வி’ எழுத்து, அதன் மேல் ஒரு துளிர். அழகாகத்தான் இருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு ஒரு நாள் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். கிடைத்தது, எங்கே தெரியுமா? ஏசி ஜில்லென்று அடிக்கிற கடைசி வரிசையில். பாதாம் பானம், ஓட்ஸ் பானம், பாலில்லாத சீஸ், கறி மாதிரி செய்த என்னவோ. ஒரு லிட்டர் பாதாம் பானத்தின் விலையில் நாலைந்து லிட்டர் பசும்பால் வாங்கிவிடலாம். 2025 செப்டம்பரில் இந்தப் பானங்களுக்கு ஜிஎஸ்டியை 5 சதவீதமாக இறக்கினார்கள், அதற்கு முன் சோயாவுக்கு 12, மற்றவற்றுக்கு 18. வரி உங்கள் கையில் இல்லை என்று தெரியும், அதனால் அதை விடுகிறேன். இறங்கிய பிறகும் அது எங்கள் பட்ஜெட்டுக்குள் வரவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

என் ஆதங்கம் இங்கேதான். அந்த வரிசையைப் பார்த்த எவரும், பால் வேண்டாம் என்பது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்றுதான் நினைப்பார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் மகள் ஊருக்கு வந்திருந்த ஒரு மாதமும் அவள் சாப்பிட்டதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பார்த்தேன். ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு ஒரு கிலோ, 25 ரூபாய்க்குப் பாமாயில் ஒரு லிட்டர், இலவச அரிசி. இதில் எதிலும் ஒரு சொட்டுப் பால் கிடையாது. அண்ணாச்சி கடையில் கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, பொரிகடலை, எள். அப்புறம் மீல் மேக்கர். ஒரு கம்பெனி வைத்த பெயர் நம் ஊரில் பொருளுக்கே பெயராகிவிட்டது. சோயாவில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவில் செய்வது, 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம். பன்னீரில் அதில் பாதிகூட இல்லை, விலையோ பல மடங்கு.

தயிருக்குத்தான் தவித்துப்போனாள். மதுரை வெயிலில் தயிர்சாதம் இல்லாமல் எப்படி? நிலக்கடலையை ராத்திரி ஊறப்போட்டு, தோல் நீக்கி, அரைத்து, வடிகட்டி, காய்ச்சி, வெதுவெதுப்பாக இருக்கும்போது நாலு பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வைத்தாள். மறுநாள் உறைந்திருந்தது. கடலை வாசம் லேசாக இருந்தது உண்மை, தாளித்துக் கொட்டியதும் யாருக்கும் தெரியவில்லை. என் மாமியார் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். அதை நான் கடையில் வைத்து விற்றால் ‘கடலைப் பால்’, ‘கடலைத் தயிர்’ என்று எழுதக்கூடாதாமே? பால் என்ற பெயர் கறக்கிற விலங்குகளின் பாலுக்குத்தான் என்று 2021இல் கம்பெனிகளைக் கண்டித்தீர்களாம். தேங்காய்ப்பாலுக்குத் தப்பிக்க வழி இருக்கிறது. கள்ளிப்பால், எருக்கம்பால், ஆலம்பால் என்று சொல்லி வளர்ந்த எங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. யாராவது கள்ளிப்பாலைக் காப்பியில் ஊற்றினார்களா?

பாருங்கள், பேச்சு எங்கேயோ போய்விட்டது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கடலையும் வெல்லமும்தான் அதில் முக்கியம். பால் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் நான் வாங்கிய எந்தக் கடலை மிட்டாய்ப் பாக்கெட்டிலும் அந்த ‘வி’ முத்திரையைப் பார்த்ததில்லை. உங்களிடம் விண்ணப்பித்து, ஆவணம் காட்டி, ஒப்புதல் வாங்கிய பிறகே போட முடியும் என்றால், வீட்டோடு பட்டறை வைத்து மிட்டாய் போடுகிறவர் எதற்கு மெனக்கெடுவார்? அவருடைய பாக்கெட்டும், பால் பவுடர் கலந்த பிஸ்கட் பாக்கெட்டும் ஒரே பச்சைப் புள்ளியோடு பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன.

அதனால் நான் கேட்பது புது முத்திரை இல்லை. ‘பால் உள்ளது’ என்ற அந்த இரண்டு வார்த்தையை, பொருள் விற்கிற மாநிலத்தின் மொழியில், பச்சைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். எல்லா மொழியையும் ஒரே பாக்கெட்டில் திணிக்க இடமில்லை என்று கம்பெனிகள் சொன்னால், ஒரு பால் சொம்புப் படம் போதும். படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். பலகாரக் கடைத் தட்டுகளுக்கும் இதைச் சேர்க்கலாம். சில்லறையாக விற்கும் இனிப்புக்கு எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடைக்காரர் எழுதி வைக்க வேண்டுமென்று 2020 அக்டோபரிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறீர்கள். அதே அட்டையில் நெய்யா, எண்ணெயா என்று ஒரு வார்த்தை கூடினால் கடைக்காரருக்கு என்ன நஷ்டம்? முறுக்கில் வெண்ணெய் போட்டார்களா என்று கேட்டால், தெரியலையே, சரக்கு மாஸ்டரைத்தான் கேக்கணும் என்கிறார்கள்.

தான் சாப்பிடுவது எதிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது ஒவ்வொருவரின் உரிமை என்று 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு சேர்மானமும் செடியா, விலங்கா, ஆய்வுக்கூடமா என்று முழுசாக எழுதச் சொன்ன தீர்ப்பு அது. எழுதுவது வாங்குகிறவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டாமா?

மகள் பொங்கலுக்கு வருகிறாள். சாமான் லிஸ்ட் எழுத ஆரம்பித்துவிட்டேன். வெண்பொங்கலுக்கு நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் என்று முடிவாகிவிட்டது. பிஸ்கட் என்று எழுதிய இடத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மாதாமாதம் மளிகை வாங்கும் ஒரு மதுரைத் தாய்