காஞ்சிபுரம் ஒருநாள் கோயில் சுற்றுலா: சேவைக் குறைபாடு பற்றிய புகார்

அனுப்புநர்:
முன்பதிவுப் படிவத்தில் உள்ள பெயர், முகவரி,
தாம்பரம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சுற்றுலா நிறுவனத் தலைமை அலுவலகம்,
சென்னை.

பொருள்: ஆறு கோயில்கள் என்று பணம் வாங்கி மூன்றை மட்டும் காட்டியது, ரசீது இல்லாமல் பணம் வசூலித்தது, பணத்தைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த சனிக்கிழமை தங்கள் நிறுவனத்தின் காஞ்சிபுரம் ஒருநாள் கோயில் சுற்றுலாவில் என் தாயார், மனைவி, மகளுடன் வந்தேன். தலைக்கு ரூ.1,950 வீதம் நான்கு பேருக்கு ரூ.7,800 முன்கூட்டியே கட்டியிருந்தேன். ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள், உலகளந்த பெருமாள், வரதராஜப் பெருமாள் என்று ஆறு கோயில்களின் பெயர்கள் உங்கள் விளம்பரத்திலும் ரசீதின் பின்பக்கத்திலும் அச்சாகியிருக்கின்றன. பார்த்தது மூன்று. மற்ற மூன்றின் வாசல்கூட எங்கள் கண்ணில் படவில்லை.

மழையாலோ திருவிழாக் கூட்டத்தாலோ இது நடந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். அன்று சாலையில் நெரிசல் இல்லை. வேன் தாம்பரத்திலிருந்து கிளம்பி, வழியில் சிற்றுண்டி முடித்து, 9.40க்கெல்லாம் காஞ்சிபுரத்துக்குள் நுழைந்துவிட்டது. கோயில்கள் நடை சாத்த இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் வேன் நேராகப் போய் நின்ற இடம் ஒரு பட்டுப்புடவைக் கடை. அங்கிருந்து எங்களைக் கிளப்பும்போது மணி 11.10.

காஞ்சிபுரத்துக்கு யாத்திரை போகிற யாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். ஊர் முழுக்க அதே வழக்கம்தான். அதனால் காஞ்சியில் காலை நேரம் என்பது பொன். புடவைக் கடை காலையிலிருந்து ராத்திரி வரை திறந்திருக்கும், மதியம் ஒரு மணிக்குப் போனாலும் வாங்க வாங்க என்று கூப்பிடுவார்கள். கோயில் அப்படிக் காத்திருக்காது. இந்தப் பயணத்தை வழக்கமாக நடத்துகிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தேதான் காலை நேரத்தைக் கடைக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதே என் முதல் புகார்.

11.20க்கு ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு வரும்படி வழிகாட்டி சொன்னார். உள்ளே ஓட்டமும் நடையுமாகத்தான் தரிசனம். பஞ்சபூதத் தலங்களில் இது நிலத்துக்கு உரியது, மூலவர் மணல் லிங்கம். கம்பை நதி பெருகி வந்தபோது அம்பாள் லிங்கத்தைத் தழுவிக் காத்தாள் என்பது தல வரலாறு. சுவாமிக்குத் தழுவக்குழைந்த நாதர் என்ற பெயர் வந்ததும் அதனால்தான். இதில் ஒரு வார்த்தையும் வழிகாட்டி சொல்லவில்லை. பிராகாரத்துக்குள்ளேயே நிலாத்திங்கள் துண்டம் என்னும் திவ்யதேசம், அதாவது ஆழ்வார் பாடிய பெருமாள் தலம் இருக்கிறது. அம்மா அதைக் கேட்டபோது, “அதெல்லாம் லிஸ்ட்ல இல்ல பாட்டிம்மா, சீக்கிரம் வாங்க” என்று பதில் வந்தது. 108 திவ்யதேசங்களில் ஒன்றை இருபதடி தூரத்தில் விட்டுவிட்டு என் தாயார் நடந்தார்.

வெளியே வந்தபோது மணி 12.15. வேன் அங்கே இல்லை. வேறெங்கோ நிறுத்தப் போயிருந்தது, எங்கள் செருப்புகளோடு. உச்சி வெயிலில் ராஜகோபுரத்தடியில் ஒதுங்க ஒரு சாண் நிழல் கிடையாது. அம்மாவுக்கு வயது 74, இரண்டு முழங்காலிலும் வலி. கல்தரையில் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்தபடி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோளில் இருந்த துண்டை நாலாக மடித்து அவர் காலடியில் போட்டேன். என் மனைவியும் மகளும் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு நின்றார்கள். வழிகாட்டி போனில் ஓட்டுநரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வேன் வந்து சேர்ந்து, காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனால் நடை சாத்தியிருந்தது.

இரண்டாவது புகார் இதைவிடக் கடுமையானது. காலையில் வேனிலேயே உங்கள் வழிகாட்டி, ஏகாம்பரநாதருக்கு உங்கள் பெயரில் பாலாபிஷேகம் ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லி விருப்பமுள்ளவர்களிடம் தலைக்கு ரூ.500 வாங்கினார். என் தாயாரும் மனைவியும் கொடுத்தார்கள். கோயமுத்தூரிலிருந்து இதற்கென்றே வந்திருந்த தம்பதியும் கொடுத்தார்கள். ரசீது கேட்டதற்குக் கோயிலில் வாங்கித் தருவதாகச் சொன்னார். மணல் லிங்கத்தின் மேல் பாலோ தண்ணீரோ ஊற்றமாட்டார்கள். லிங்கத் திருமேனிக்குப் புனுகு சாத்துவதுதான் அங்கே வழக்கம், அபிஷேகமெல்லாம் லிங்கத்தின் பீடமான ஆவுடையாருக்கு மட்டும். அந்தச் சன்னதியில் நின்றபோது எந்த அபிஷேகமும் நடக்கவில்லை, எங்கள் பெயரில் சங்கல்பமும் நடக்கவில்லை. பிறகு கேட்டபோது, “குருக்கள்கிட்ட சொல்லியாச்சு, நாளைக்குக் காலைல செஞ்சிடுவாங்க” என்றார். ரசீது இன்று வரை வரவில்லை. சுவாமி பெயரைச் சொல்லி வயதானவர்களிடம் வாங்கிய பணம் இது. கோயிலுக்கு இதில் எந்தத் தொடர்பும் இருப்பதாக நான் சொல்லவில்லை. உங்கள் ஊழியர் வாங்கினார், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மதியச் சாப்பாடு குறை சொல்லும்படி இல்லை. (விளம்பரத்தில் காலை உணவுக்குக் காஞ்சிபுரம் இட்லி என்று போட்டிருந்தீர்கள். மிளகு, சீரகம், சுக்கு போட்டு, மந்தாரை இலை வைத்த குடலையில் வேகவைப்பதுதான் அந்த இட்லி. நெடுஞ்சாலை ஓட்டலில் எங்களுக்குக் கிடைத்தது சாதா இட்லி.) சாப்பிட்டு முடித்த 1.30 மணியிலிருந்து 3.45 வரை மறுபடியும் ஒரு கடை. தறி நெய்வதைக் காட்டுகிறோம் என்று அழைத்துப் போனார்கள். ஒரே ஒரு தறி, அதில் பத்து நிமிடம் ஒருவர் நெய்து காட்டினார், மீதி நேரம் முழுக்கப் புடவை விரித்துப் போட்டார்கள். வாங்காமல் எழுந்தவர்களிடம் வழிகாட்டியே வந்து, ஒன்றாவது எடுங்கள் என்று வற்புறுத்தினார். பட்டு நெசவு காஞ்சிபுரத்தின் பெருமை. அதைப் பார்ப்பதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் நெசவாளர்கள் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்தில்தான் கைலாசநாதர் கோயிலும் இருக்கிறது. நெசவைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் ஒரே நடையில் இரண்டையும் காட்டியிருக்கலாம்.

அந்தக் கைலாசநாதர் கோயிலுக்கு எப்போது போவோம் என்று என் மகள் கேட்டாள். அவள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். இந்தப் பயணத்துக்கு வந்ததே கைலாசநாதருக்காகவும் வைகுண்டப் பெருமாளுக்காகவும்தான். “அது பழைய கல் கோயில்மா, பூஜையெல்லாம் கிடையாது, ஆர்க்கியாலஜிகாரங்க பூட்டி வெச்சிருப்பாங்க” என்றார் வழிகாட்டி. இது முழுப் பொய். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருந்தாலும் அங்கே பூஜை நடக்கிறது, மக்கள் கும்பிடுகிறார்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் மணற்கல்லில் எழுப்பிய கோயில் அது. சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாகச் சிறு சன்னதிகள், சிலவற்றில் இன்னும் அழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லவர் கால வண்ணங்கள், கருவறையைச் சுற்றிவர உடம்பைக் குறுக்கித் தவழ்ந்து போகவேண்டிய வழி. ராஜராஜ சோழனே இதைப் பெரிய திருக்கற்றளி என்று கல்வெட்டில் குறித்திருக்கிறான். வைகுண்டப் பெருமாள் கோயிலின் பிராகாரச் சுவரிலோ, நந்திவர்ம பல்லவமல்லன் பட்டம் ஏறியது வரை பல்லவர் வரலாறு முழுவதும் சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. இவற்றைப் பார்க்காமல் பட்டுக்கடைச் சோபாவில் இரண்டேகால் மணி நேரம் உட்கார வைத்தீர்கள்.

நான்கு மணிக்குக் காமாட்சியம்மனைத் தரிசித்தோம். இங்கே கூட்டம் அதிகம் இல்லை, அம்மாவுக்கு மனசு நிறைந்தது. உள்ளே இருக்கும் கள்வப் பெருமாளையும் அவரே விசாரித்துப் போய்ச் சேவித்துவிட்டு வந்தார். உலகளந்த பெருமாள் கோயில் அங்கிருந்து நடந்து போகிற தூரம். ஒரே வளாகத்தில் ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் என நான்கு திவ்யதேசங்கள். 35 அடி உயரத்தில் காலைத் தூக்கி நிற்கும் திரிவிக்கிரமர். அந்தத் தலங்களின் பாசுரம் அம்மாவுக்கு மனப்பாடம், சன்னதியில் நின்று சேவித்துச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் கிளம்பும்போதே சொல்லியிருந்தார். “டைம் இல்ல, டிரைவருக்கு நைட் வேற டிரிப் இருக்கு” என்று வேனை நேராகச் சின்னக் காஞ்சிபுரத்துக்கு விடச் சொன்னார் வழிகாட்டி. ஓட்டுநரின் அடுத்த சவாரிக்காக நாங்கள் பணம் கட்டிய கோயிலை விட்டுவிட்டுப் போனது எந்த வகையில் நியாயம்?

வரதராஜப் பெருமாள் கோயிலில் ஐம்பத்தைந்து நிமிடம் கொடுத்தார்கள். மூலவர் இருக்கும் அத்திகிரிக்கு 24 படி. முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறும் ஒருவருக்கு அந்த நேரம் போதாது. அம்மா தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுவிட்டு இறங்கும்போதே கீழிருந்து கைதட்டிக் கூப்பிடும் சத்தம். நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியைத் தூரத்திலிருந்து கை நீட்டிக் காட்டியதோடு சரி. அனந்தசரஸ் குளக்கரையில் நின்று, குளத்துக்குள் இருக்கும் அத்திமரப் பெருமாளான அத்திவரதர் 12 வருடத்துக்கு ஒரு முறை வெளியே வருவார், 2031ல் வந்தால் பார்க்கலாம் என்று கோயமுத்தூர்த் தம்பதியிடம் வழிகாட்டி சொன்னார். அத்திவரதர் எழுந்தருள்வது 40 ஆண்டுக்கு ஒரு முறை. 1979க்குப் பிறகு 2019ல்தான் வந்தார், 48 நாள் ஊரே திரண்டது. அடுத்தது 2059. சில வருடம் முன்னால் தமிழ்நாடே பேசிய ஒரு விஷயம்கூடத் தெரியாத ஒருவரை “அனுபவமிக்க ஆன்மிக வழிகாட்டி” என்று விளம்பரப்படுத்துகிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள்: மூன்று கோயில்களில் சேர்த்து நாங்கள் இருந்தது 2 மணி 40 நிமிடம். இரண்டு கடைகளில் இருந்தது 3 மணி 45 நிமிடம்.

திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். சூழ்நிலைக்கு ஏற்பப் பயணத் திட்டம் மாறலாம் என்று நிபந்தனையில் இருக்கிறது என்றார்கள். இருக்கிறது, படித்தேன். பட்டுக்கடை சூழ்நிலை அல்ல. அது நீங்கள் போட்ட திட்டம், விளம்பரத்தில் சொல்லாமல் மறைத்த திட்டம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொன்ன சேவையைத் தராதது சேவைக் குறைபாடு. பணம் வாங்கிக்கொண்டு ரசீது தராதது நியாயமற்ற வணிக நடைமுறை. இரண்டும் இங்கே நடந்திருக்கின்றன.

பார்க்காத மூன்று கோயில்களுக்காகக் கட்டணத்தில் பாதி ரூ.3,900, அபிஷேகத்துக்கென்று வாங்கிய ரூ.1,000, ஆக ரூ.4,900ஐ நான் பணம் கட்டிய அதே வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கோயமுத்தூர்த் தம்பதி உட்பட அன்று அபிஷேகத்துக்குப் பணம் கொடுத்த எல்லோருக்கும் அதைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தொலைபேசி எண்கள் உங்கள் பதிவில் இருக்கின்றன.

பயணத் திட்டத்தையும் மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இது ஒன்றும் முடியாத காரியம் அல்ல. காலை ஐந்து மணிக்குத் தாம்பரத்தை விட்டால் ஏழு மணிக்குள் கைலாசநாதர் வாசலில் நிற்கலாம், வெயிலும் இருக்காது. அங்கிருந்து ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், பக்கத்திலேயே உலகளந்த பெருமாள், பிறகு வைகுண்டப் பெருமாள் என்று நடை சாத்துவதற்குள் ஐந்தையும் நிதானமாக முடிக்கலாம். மதியம் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் புடவைக் கடை. நடை திறந்ததும் வரதராஜர், அதுவும் வயதானவர்கள் படியேறி இறங்கப் போதுமான நேரத்தோடு. கடைக்குப் போவது உண்டு என்றால் அதை விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். செருப்பு இருக்கும் வேன் கோயில் வாசலை விட்டு நகரக் கூடாது என்று ஓட்டுநரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதிலும் பணமும் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிவு செய்துவிட்டு, நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கட்டண ரசீதின் இரு பக்க நகல், விளம்பரத் துண்டுப் பிரசுரம், காமாட்சியம்மன் கோயிலின் மூடிய வாசலில் நேரம் தெரிய எடுத்த புகைப்படம், இரண்டு கடைகளிலும் எடுத்த புகைப்படங்கள்.