மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங், எஸ்டிமேட் 34,500!

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

இன்ஜின்ல ஒரு சிலிண்டர் சரியா எரியாம வெட்டி வெட்டி ஓடுற 'மிஸ்ஸிங்' கோளாறு பத்தி, கார் வச்சிருக்கறவங்களுக்கு உதவட்டுமேன்னுதான் இத எழுதறேன், கொஞ்சம் நீளமா போனா மன்னிச்சுக்கங்க.

போன மாசம் குடும்பத்தோட கொடைக்கானல் கிளம்பினோம். வண்டி 2014 மாடல் பெட்ரோல், நாலு சிலிண்டர். வத்தலக்குண்டு வரைக்கும் ஒரு குறையும் இல்ல, ஏத்தம் ஆரம்பிச்சதும்தான் இழுவை குறைய ஆரம்பிச்சுது, டம்டம் பாறை பக்கத்துல மூணாவது கியர்ல ஆக்சிலேட்டர மிதிச்சா டக்கு டக்குனு வெட்டுது, வீட்டுக்காரம்மா "என்னங்க, யாரோ பின்னாடி புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு"ங்கறாங்க, மீட்டர்ல மஞ்சள் இன்ஜின் லைட்டு விட்டு விட்டு எரியுது. அந்த லைட்டு நிலையா எரிஞ்சா ஒரு அர்த்தம், சிமிட்டுனா வேற அர்த்தம்னு அன்னைக்கு எனக்கு தெரியாது. சிமிட்டுதுன்னா எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போயி புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள எரிஞ்சு அத சுட்டுப் பாழாக்கிட்டு இருக்குன்னு அர்த்தமாம். ஐடிலிங்ல (ஆக்சிலேட்டர் மிதிக்காம) நிமிஷத்துக்கு 800 சுத்து, அதாவது 800 ஆர்பிஎம் ஓடுற இன்ஜின்ல ஒரு சிலிண்டர் நிமிஷத்துக்கு 400 தடவ வெடிக்கணும், அது மொத்தமா செத்துட்டா அத்தன தடவ பெட்ரோல் வீணா அங்க போவுது, ஏத்தத்துல இன்னும் ஜாஸ்தி. நல்லவேள, பயந்து போயி அப்படியே திருப்பிட்டேன்.

மறுநாள் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புல விட்டேன் (பேரு வேணாம்). கம்ப்யூட்டர மாட்டுனாங்க, பத்து நிமிஷத்துல எஸ்டிமேட் வந்துச்சு, நாலு இன்ஜெக்டர் (பெட்ரோல பீச்சறது), நாலு காயில் (பிளக்குக்கு கரண்டு குடுக்கறது), நாலு பிளக் (பொறி போட்டு எரிய வைக்கறது), திராட்டில் பாடி கிளீனிங், எல்லாம் சேத்து 34,500. கம்ப்யூட்டர் என்ன கோளாறு கோடு (code) காட்டுச்சுன்னு கேட்டா "அதெல்லாம் உங்களுக்கு புரியாது சார், இப்ப வர்ற ஈ20 பெட்ரோல்தான் காரணம்"ங்கறாரு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்). யோசிச்சு சொல்றேன்னு வண்டிய எடுத்துட்டு நேரா எங்க ஏரியா பாய் கிட்ட போயிட்டேன், அம்பாசிடர் காலத்துலேர்ந்து கார் மெக்கானிக்.

அவரு முதல்ல ஸ்கேனரையே தொடல. இன்ஜின் நல்லா ஆறட்டும்னு விட்டுட்டு, ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துல சிலிண்டர்ங்கள்ல இருந்து புகை வெளிய வர்ற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல நாலு பைப்பு மேலயும் ரெண்டு ரெண்டு சொட்டு தண்ணி விட்டாரு. மூணு பைப்புல "சொய்"னு ஆவியாச்சு. மூணாவது பைப்புல மட்டும் தண்ணி அப்படியே வழிஞ்சு ஓடுது. "தம்பி, இது எரியல"ன்னாரு, அவ்ளோதான். அப்புறம்தான் ஸ்டியரிங்குக்கு கீழ இருக்க போர்ட்டுல ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்கற புளூடூத் ஸ்கேனர மாட்டி போன்ல காட்டுனாரு: பி0303. கடைசி நம்பர்தான் சிலிண்டர், பி0301ல இருந்து பி0304 வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு, பி0300ன்னு வந்தா குறிப்பிட்டு எதுன்னு சொல்ல முடியாம மாறி மாறி மிஸ்ஸிங் அடிக்குதுன்னு அர்த்தம். இதுல புரியாம போக என்னங்க இருக்கு?

அடுத்து அவரு செஞ்சதுதான் விஷயமே. மூணாவது காயில கழட்டி ஒண்ணாவதுல போட்டாரு, ஒண்ணாவத மூணுல போட்டாரு, கோட அழிச்சுட்டு பைபாஸ்ல ஒரு ரவுண்டு. திரும்பி வந்து பாத்தா பி0301! கோளாறு காயிலோடவே இடம் மாறிடுச்சு, அப்ப காயில்தான் குத்தவாளி. காசு செலவே இல்லாத டெஸ்ட்டு இது. ஒருவேள கோடு மூணுலயே நின்னிருந்தா அதே மாதிரி பிளக்க மாத்தி பாக்கணும், அப்பவும் நகரலன்னா இன்ஜெக்டர், அதுவும் இல்லன்னா கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள அழுத்தம் சரியா நிக்குதான்னு பாக்கறது), அதுல அடிவாங்குனா வால்வு, ரிங்குன்னு பெரிய வேலைதான். ஐடிலிங்ல மட்டும் நடுங்கி ரேஸ் குடுத்தா சரியாகுதுன்னா இன்ஜின் காத்து இழுக்கற பக்கத்து ரப்பர் குழாய் (வேக்கம் ஹோஸ்) எங்கயாவது வெடிச்சிருக்கான்னு பாக்கச் சொன்னாரு.

காயில மாத்தி அனுப்பிடுவாருன்னு பாத்தா, பழைய காயிலோட ரப்பர என் கையில குடுத்து "தடவி பாருங்க"ன்னாரு. கொழகொழன்னு எண்ணெய், ரப்பர் ஊறி உப்பிப்போயி ஓரமா ஒரு வெடிப்பு. டேப்பட் கவர் (இன்ஜினோட மேல் மூடி) பேக்கிங் லீக்காயி பிளக் குழிக்குள்ள இன்ஜின் ஆயில் இறங்கியிருக்கு. கரண்டு பிளக் நுனியில பாயாம அந்த வெடிப்பு வழியா குழிச் சுவத்துல பாயுது, ஏத்தத்துல லோடு ஏறும்போது சிலிண்டருக்குள்ள பிரஷர் கூடுறதால இன்னும் மோசம், அதான் சமதளத்துல தெரியல. "காயில மட்டும் மாத்துனா ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க தம்பி." பேக்கிங், குழி சீலு, ஒரு காயில், நாலு பிளக், கூலி எல்லாம் சேத்து 4,900 ஆச்சு. அடுத்த ஞாயிறே கொடைக்கானல் போயிட்டு வந்தோம்.

ஈ20 பத்தியும் ஒண்ணு சொல்லணும். எனக்கும் அந்த பெட்ரோல் மேல பெரிய பாசமெல்லாம் இல்ல, எத்தனால் தண்ணிய இழுக்கும், வண்டிய மாசக்கணக்குல ஓட்டாம நிறுத்தி வச்சா பிரச்சனை வரலாம். ஆனா ஒரே டேங்க்கு பெட்ரோல்தானே நாலு சிலிண்டருக்கும் போவுது, மூணாவதுக்கு மட்டும் கெட்ட பெட்ரோலா? இந்த ஒரு கேள்விய நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்.

பிஎஸ்4 (புகை கட்டுப்பாட்டு விதி) கார்ங்களுக்கு 2013 ஏப்ரல்லேர்ந்தே ஓபிடி-2, அதாவது கோளாற வண்டியே கண்டுபிடிச்சு கோடு காட்டுற வசதி, கட்டாயம். வண்டியே தன் வாயால எந்த சிலிண்டர்னு சொல்லுது, அத ஓனருக்கு சொல்ல மாட்டேங்கறாங்க. எஸ்டிமேட் பேப்பர்லயே அந்த கோட அச்சடிச்சு தரணும், மாத்துன பழைய பார்ட்ட கேக்காமலே திருப்பி குடுக்கணும்னு போக்குவரத்து துறை ஒரு விதி போட்டா என்ன? நீங்க இதப்பத்தி ஒரு செய்தி போட்டா புண்ணியமா போகும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
திண்டுக்கல்

பி.கு: பாய் ஆரம்பத்துல சைலன்சர் வாய்க்கிட்ட ஒரு துண்டு பேப்பர் புடிச்சு பாத்தாரு, நல்லா இருக்க இன்ஜின்னா பேப்பர சீரா வெளிய தள்ளும், மிஸ்ஸிங் இருந்தா அப்பப்ப உள்ள இழுத்து ஒட்டும். ஒட்டுச்சு. அவரு கிழிச்சது உங்க பேப்பரத்தான், அதுவும் அன்னைக்கு நான் இன்னும் படிக்காத பக்கம்.