அறுந்த தந்தி

அன்புள்ள கயல்,

இங்கே நானும் அம்மாவும் நலம். போன ஞாயிறு போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. வயலினில் மேல் பஞ்சமத் தந்தி அறுந்து நாலு மாசமாச்சு, பெட்டியைத் திறக்கவே இல்லை என்றாய். அன்று எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ இருக்கும் அதே பாரிசில் 1934-ல் ஒரு வயலின் தந்தி அறுந்தது. கிளாரிட்ஜ் ஹோட்டலில் நடன இசைக்குழுவுக்கு இடைவேளை. அதில் வயலின் வாசித்த ஸ்டெஃபான் கிராப்பெல்லி புதுத் தந்தி மாட்டி, சுருதி சேர்ந்ததா என்று எதையோ வாசித்துப் பார்த்தார். அதே குழுவின் கிடார்காரர் ஜாங்கோ ராய்ன்ஹார்ட் கூடச் சேர்ந்து வாசித்தார். அவர்களுடைய 'ஹாட் கிளப்' ஐவர் குழு பிறந்த கதையாக இதைத்தான் சொல்வார்கள். ஜிப்ஸி ஜாஸ் என்று இன்று நாம் கேட்பதெல்லாம் அந்த ஐவர் போட்ட வழி.

அந்தக் குழுவில் டிரம்ஸ் கிடையாது. இரண்டு கிடாரும், டபுள் பேஸ் என்னும் ஆள் உயர, கனத்த குரல் தந்திவாத்தியம் ஒன்றும்தான் தாளம். கிடார்காரர் ஒன்றாம், மூன்றாம் அடியில் தந்தியை லேசாகத் தொடுவார். இரண்டிலும் நான்கிலும் சுரீரென்று அடித்து, உடனே இடதுகை விரலைத் தளர்த்திச் சத்தத்தை அமுக்கிவிடுவார். பிரெஞ்சில் இதை 'லா போம்ப்' என்கிறார்கள், பம்பு என்று அர்த்தம். நம் தெரு அடிபம்பை மூச்சு விடாமல் அடிப்பாயே, அந்தச் சீரும் வேகமும்தான். எனக்கு இந்த இசையில் உயிரே அதுதான். மேலே வயலினும் கிடாரும் எவ்வளவு பறந்தாலும், கீழே அந்த அடி ஒருமுறைகூடத் தவறுவதில்லை.

ஜாங்கோ 1910-ல் பெல்ஜியத்தில், மனுஷ் என்னும் ஜிப்ஸி நாடோடி இனத்தில் பிறந்தவர். பாரிஸ் ஓரத்தில் வண்டி வீட்டில் வாழ்ந்தார். விற்பதற்காக மனைவி சட்டென்று தீப்பிடிக்கும் செல்லுலாய்டில் பூக்கள் செய்து வைத்திருந்தார். 1928-ல் ஒரு மெழுகுவர்த்தி அவற்றின்மேல் விழுந்து வண்டியே எரிந்தது. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி இறுகிவிட்டன. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. அப்புறம் ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் வைத்தே தனி வாசிப்பு முழுவதும். மடங்கிய விரல்களை எட்டும் இடத்தில் கொக்கிபோல் மாட்டிச் சில கார்டுகள், அதாவது பல தந்திகள் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள், பிடிப்பார். கை அகலத்துக்கு விரியாததால் தந்தியின் நீளவாக்கில் ஓடினார். ஒரே விரலைத் தந்திமேல் வழுக்கி ஜாரு பிடித்துப் பழகிய உனக்கு அந்த ஓட்டம் கேட்டவுடன் பிடிபடும்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் கிராப்பெல்லி லண்டனில் தங்கிவிட்டார். ஜாங்கோ பாரிசுக்குத் திரும்பினார். ஐரோப்பா எங்கும் அவர் இனத்தவரை நாஜிகள் கொன்று குவித்த காலம் அது. அப்போது 1940-ல் 'நுவாஜ்' என்ற இசைத்துண்டைச் செய்தார், 'மேகங்கள்' என்று பொருள். அதை ராத்திரி விளக்கணைத்துவிட்டுக் கேள், கண்ணு. 1946-ல் லண்டனில் இருவரும் மறுபடி சேர்ந்தபோது பிரான்சின் தேசிய கீதத்தையே இந்தப் பாணியில் வாசித்துப் பதிவு செய்தார்கள். அத்தனை வருஷப் பிரிவுக்குப் பிறகு இருவரும் எவ்வளவு சந்தோஷமாக வாசிக்கிறார்கள் என்று எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஜாங்கோ 1953-ல், 43 வயதிலேயே போய்விட்டார்.

கிராப்பெல்லி நெடுங்காலம் இருந்தார். நம் கர்நாடக வயலின் வித்வான் எல். சுப்பிரமணியத்தோடு சேர்ந்து ஓர் ஆல்பமே செய்திருக்கிறார். நம் கர்நாடக வயலின் வில்லுக்கு அந்த ஜாஸ் வீட்டில் முன்பே இடம் போட்டிருக்கிறது.

எதிர்வீட்டு அண்ணன் அடுத்த வாரம் பாரிஸ் வருகிறார். அவரிடம் தந்தி ஒரு செட் கொடுத்து அனுப்புகிறேன். அம்மா வைத்த பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில், துணியில் சுற்றி இருக்கும். மாட்டிச் சுருதி சேர்த்ததும் போன் பண்ணு, இங்கே நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை. ஸ்பீக்கரில் போட்டு இருவரும் கேட்கிறோம்.

அன்புடன்,
அப்பா