சோழவரம் மோட்டார் பந்தய வரலாற்றுக்கு நினைவுப் பலகை கோரி மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: சோழவரத்தில் நடந்த அகில இந்திய மோட்டார் பந்தயங்களின் வரலாற்றைப் பதிவு செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி வட்டம், ஆரம்பாக்கத்தில் வாகனப் பழுதுபார்ப்புப் பட்டறை நடத்தி வருகிறேன். பொன்னேரி வட்டத்திலுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளத்தில், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்தியதையும், நாட்டின் பல பகுதிகளிலிருந்து கார்களும் பைக்குகளும் அங்கு வந்து ஓடியதையும் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் திறக்கப்பட்டதும் பந்தயம் அங்கே போய்விட்டது.

எண்பதுகளில் என் தந்தையார் பட்டறையைப் பூட்டிவிட்டு, மெட்ராஸ் பஸ்ஸில் என்னை அழைத்துச் சென்று சோழவரத்தில் இறக்குவார். இன்ஜினில் எரியும் விளக்கெண்ணெயின் மணம் வெயிலோடு கலந்து வரும், வண்டி கண்ணில் படும் முன்பே, சத்தத்தை மட்டும் கேட்டு "இது ஆர்.டி. 350" என்று பைக்கின் பெயரைச் சொல்வார் அவர். எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் பக்கத்தில் நின்று தெலுங்கில் ஆரவாரம் செய்வார்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்தக் கூட்டத்தில் நின்றதால்தான்.

சென்ற ஆண்டு பேரனுடன் அங்கு போயிருந்தேன். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியைத் தவிர அவ்வூரைப் பற்றிச் சொல்ல அவனிடம் எதுவும் இல்லை. நான் சொன்னதைக் காட்டிச் சான்று கூற ஒரு பலகையும் அங்கு இல்லை. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் இரவுப் பந்தயம் நடத்த அரசே முன்னின்றதை மகிழ்ச்சியுடன் பார்த்தவன் நான் என்பதால், அதற்கு முன்னோடியான ஊர் பெயரின்றி நிற்பது எனக்கு வலிக்கிறது.

ஆகவே, சோழவரத்தில் நெடுஞ்சாலையோரம் தமிழிலும் தெலுங்கிலும் நினைவுப் பலகை ஒன்றை நிறுவிடவும், அக்காலத்து மெக்கானிக்குகள், வண்டி தள்ளியவர்கள், தண்ணீர்ப் பந்தல் போட்டவர்கள் ஆகியோரில் இன்று உள்ளவர்களின் நினைவுகளையும் புகைப்படங்களையும் நூலகத் துறை வழியாக விரைந்து திரட்டிடவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவர்கள் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள்.

தந்தையார் பாதுகாத்து வைத்திருந்த பந்தய நுழைவுச்சீட்டுகள் இரண்டின் நகலை இணைத்துள்ளேன். கேட்கும்போது மூலத்தையும் ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டறை உரிமையாளர்,
ஆரம்பாக்கம்.